குதிரைக்கு ஊசி போட்டாச்சா?

குதிரைக்கும் மூக்கு ஒழுகும் என்பதை நான் போன சீசனில்தான் பார்த்தேன். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. வெளியூர்க் குடும்பத்தார் தங்கள் பிள்ளையை என் குதிரைமேல் ஏற்றி உட்காரவைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் அந்தப் பிள்ளை, "அங்கிள், குதிரைக்குச் சளி" என்றது. சாரலில் நனைந்த மூஞ்சிதானே என்று கையால் வழித்துவிட்டேன். கையில் பட்டது மழைத்தண்ணீர் இல்லை. அந்த நிமிஷமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

கவலை எனக்குப் புதுசு இல்லை. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன் நான். அருவியில் தண்ணீர் வராவிட்டால் சீசன் போச்சே என்று கவலை. கூடுதலாக வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்களே என்று கவலை. அளவாக வந்தால், இது எத்தனை நாளைக்கோ என்று கவலை. எட்டாங்கிளாசோடு நான் படிப்பை விட்டதே கணக்குப் பரீட்சையை நினைத்து வந்த காய்ச்சலால்தான் என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லுவாள். அது முழுப் பொய்யும் இல்லை.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு குதிரை. பொட்டைக் குதிரை. சீசனில் குற்றாலத்தில் பிள்ளைகளைச் சுமக்கும், மற்ற மாசங்களில் கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமக்கும். பிள்ளைகளைச் சுமக்கும்போது இருக்கிற பொறுமை மாப்பிள்ளைகளிடம் இருக்காது. எத்தனை பட்டுச்சட்டைக்காரர்களைக் கீழே தள்ளி அழவைத்திருக்கிறாள்! அவள் இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது ஒருபக்கம். அவள் இல்லையென்றால் இந்த வீட்டில் நானும் என் வீட்டுக்காரியும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு என்னத்தைப் பேச என்பது இன்னொரு பக்கம்.

இலஞ்சியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் கட்டினால், புல்லை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் வைத்தேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. தாடைக்கு அடியில் தடவிப் பார்த்தேன். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் கொதித்தது.

"ஏட்டி, இங்கன வா! அவளுக்கு முழுங்க முடியலட்டி!"

என் வீட்டுக்காரி தோசைக்கரண்டியோடு வந்து பார்த்தாள். "சாரல்ல நின்னா யாருக்குத்தான் ஒழுகாது? முதல்ல நீங்க தலையைத் துவட்டுங்க" என்றாள். ஆனால் அவள் கையும் அந்தக் கட்டியைத் தடவிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

மறுநாள் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வரிசையில் ஆடு, கன்றுக்குட்டி, தலைக்கு டவல் போர்த்திய ஒரு நாய். குதிரைக்காரன் நான் ஒருவன்தான், அதுவும் குதிரை இல்லாமல். அங்கிருந்த டாக்டரம்மா சிவகிரிப் பக்கத்து ஆள், குடியிருப்பது குற்றாலத்தில். சின்ன வயசு, பேச்சில் ஒரு நிதானம். நான் சொன்னதைக் கேட்டதும், "அதை நடத்திக் கூட்டிட்டு வந்துராதிய அண்ணாச்சி, வழியில எல்லாத்துக்கும் ஒட்டும். வீட்டுக்குப் போற வழிதான், சாயங்காலம் நானே வாரேன்" என்றார்.

சொன்ன மாதிரியே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தாடையைத் தடவினார், மூக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நான் அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது ஊசியை எடுப்பார் என்று. அவர் பையை மூடினார்.

"குதிரைக்கு வார தொண்டைக் கட்டி இது. உள்ள சீழ் கோக்குது. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. பழுத்துத் தானா உடையணும்."

"ஊசி?"

"இப்ப வேண்டாம்."

"சின்னதா ஒண்ணு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கட்டி இவ்வளவு தூரம் வந்தாச்சு. இப்ப ஆன்டிபயாட்டிக் போட்டா பழுக்காம பாதியில நின்னு இழுத்துக்கிட்டே கிடக்கும். அதுவும் போக, தேவையில்லாத நேரமெல்லாம் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிக்கிடும். நிஜமாவே வேணுங்கிற அன்னைக்கு அது கேக்காது."

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. எனக்கு ஒரு மச்சினன் இருக்கிறான். தினமும் திட்டித் திட்டி, இப்போது எந்தத் திட்டுக்கும் அசையமாட்டான். புரிந்தது என்றாலும் மனசு கேட்கவில்லை. ஊசி போடாமல் ஒரு வைத்தியமா?

காலையிலும் சாயங்காலமும் காய்ச்சல் பார்த்துச் சொல்லச் சொன்னார். குதிரைக்குக் காய்ச்சல் பார்ப்பது வாலுக்கு அடியில். தெர்மாமீட்டர் உள்ளே போய்விடாமலிருக்க நூல் கட்டி, அந்த நூலைத் துணி கிளிப்பால் வால்முடியில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று செய்துகாட்டி, அந்தத் தெர்மாமீட்டரை எங்களிடமே விட்டுவிட்டார். அன்றைக்கே என் வீட்டுக்காரி எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டரில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிட்டாள். "உங்க பதட்டத்துல ரெண்டும் மாறிச்சுன்னா நான் எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

போகும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். முழுங்குவது ரொம்பக் கஷ்டமானாலோ, மூச்சு விடுகையில் கரகரவென்று சத்தம் வந்தாலோ உடனே கூப்பிட வேண்டும், அது உயிருக்கு ஆபத்து. என்னை மாதிரி ஆளிடம் இதைச் சொல்லலாமா? அன்றிலிருந்து அந்தக் கொல்லையில் எனக்குக் கேட்டதெல்லாம் கரகர சத்தம்தான். தென்னை மட்டை உரசினால் ஓடுவேன். பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் ஓடுவேன்.

எங்கள் தெருவில் சீக்கு என்றால் கேட்பது ஒரே கேள்விதான். என்ன சீக்கு என்று கேட்கமாட்டார்கள். எந்த டாக்டர் என்றும் கேட்கமாட்டார்கள். "ஊசி போட்டாச்சா?" போட்டாச்சு என்றால் அவர்களுக்கு நிம்மதி, போய் விடுவார்கள். போடவில்லை என்றால் நின்றுவிடுவார்கள். பால்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள், ரேஷன் கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வேலியோரம் நின்று கேட்டார்கள். ஒத்தடம் கொடுக்கிறோம் என்று முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் எல்லாரிடமும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்ல ஆரம்பித்தேன். போடாத ஊசியைப் போட்டதாகச் சொல்லிச் சொல்லி, போட்டிருக்கலாமே என்கிற ஏக்கம்தான் கூடிப்போனது.

ஐந்தருவி ரோட்டில் என்னோடு குதிரை நிறுத்துகிற கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். அவன் குதிரையும் என் குதிரையும் ஒரே வாளியில் தண்ணீர் குடிக்கிறவர்கள். ஒட்டுகிற சீக்கு, வாளியைத் தனியாக வை என்று அவனுக்குப் போனில் சொன்னேன். சொன்ன கையோடு அவனே வந்துவிட்டான். உள்ளே வராதே என்று வேலிக்கு வெளியிலேயே நிறுத்தினேன்.

"ஊசி போடாத டாக்டரும் ஒரு டாக்டராவே?" என்றான். "மாடு, குதிரை, மனுசன் எல்லாத்துக்கும் சீழுன்னா ஒரே சீழுதான். வீட்டுல சீழுக்குத் தின்ன மாத்திரை ஏதும் கிடக்கா? மனுசனுக்கு ஒண்ணுன்னா இவளுக்குப் பத்து. கருப்பட்டியில வச்சுக் குடும். காதும் காதும் வச்ச மாதிரி சோலி முடிஞ்சிரும்."

"டாக்டரம்மா வேண்டாம்னாங்களேவே."

"அவுக ஊசியைத்தான வேண்டாம்னாக? மாத்திரையை வேண்டாம்னாகளா?"

அதுவும் சரிதானே என்று எனக்குப் பட்டது. எட்டாங்கிளாசுக்குமேல் படித்திருந்தால் பட்டிருக்காதோ என்னமோ.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு பழைய அல்வா டப்பா ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே அல்வா இருக்காது, மிச்ச மாத்திரைகள் இருக்கும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திய மாத்திரை, யாருக்கோ வாங்கி, அது சேராமல் வேறு டாக்டருக்கு மாறியதில் மிஞ்சிய மாத்திரை, செங்கோட்டைக்காரச் சித்தி மறந்துவிட்டுப் போன முட்டுவலி மாத்திரை. எங்கள் வீட்டு டப்பாவில் பல் பிடுங்கியபோது எனக்கு எழுதித் தந்த கேப்சூலும் கிடந்தது. வீக்கம் வற்றியதும், வயிற்றுக்கு ஏதும் செய்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்தியிருந்தேன். அட்டை அட்டையாக இருந்தது. இதற்காகத்தான் மிச்சம் வைத்தேன் போலிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரி குளிக்கப் போன நேரம் பார்த்து, பெரிய கருப்பட்டித் துண்டு ஒன்றைத் தட்டி, லேசாகச் சுடவைத்து இளக்கி, கேப்சூல்களை உள்ளே பதித்து உருட்டினேன். கொழுக்கட்டை மாதிரி நன்றாகவே வந்தது. கொல்லைக்குக் கொண்டுபோனேன். புல்லைத் தொடாதவள், கருப்பட்டி வாசனைக்குக் காதை முன்னால் நீட்டினாள். உதடு நீண்டு என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு கவலை வந்தது. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கணுமா, பின்னால் கொடுக்கணுமா? நான் தின்றபோது டாக்டர் எதுவோ ஒன்றைச் சொன்னார். முன்னாலா, பின்னாலா? மாற்றிக் கொடுத்து வயிற்றைப் புரட்டினால்? அவளோ சரியாகச் சாப்பிட்டே எவ்வளவோ நேரம் ஆகிறது. அப்படியானால் இது முன்னாலா, பின்னாலா?

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் என் சட்டையைக் கவ்வினாள். ஒரு கையால் கருப்பட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு சந்தேகம். குதிரைக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"எந்த மாத்திரை? நான் மாத்திரையே எழுதலையே?"

"இல்ல, இது வீட்டுல கிடந்தது. எனக்குப் பல்லுக்குத் தந்தது."

"அட்டையில போட்டிருக்கிற பேரை வாசிங்க."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாதிப் பேர் வாசிக்கும்போதே அந்தப் பக்கம் நிதானம் போய்விட்டது.

"அண்ணாச்சி! குடுத்துட்டியளா? குடுத்துட்டியளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க!"

"இல்லம்மா. தலைக்குமேல தூக்கிப் பிடிச்சிருக்கேன்."

"அப்படியே பிடிச்சுக்கிட்டுத் தள்ளிப் போங்க. தூரமாப் போங்க!"

கிணற்றடி வரைக்கும் போனேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த என் வீட்டுக்காரி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு போனில் "சரிம்மா, சரிம்மா" என்று பின்னோக்கி நடக்கிற புருசனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

டாக்டரம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். புல்லைச் செரிக்க வைப்பதற்கென்றே குதிரையின் குடலுக்குள் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மனுசனுக்கு நல்லது செய்கிற அந்தக் கேப்சூல் குதிரைக்குள் போனால் அந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், கெட்டது தலைதூக்கும். அப்புறம் கழிச்சல் பிடித்தால் நிற்காது. தொண்டைக் கட்டியில் பிழைக்கிற குதிரை, பல்வலி மாத்திரையில் செத்துப்போகும்.

கருப்பட்டியைக் குழி தோண்டிப் புதைத்தோம். நாய் தோண்டிவிடுமோ என்று மேலே அம்மிக் குழவியை வைத்தேன். நாய் நகர்த்திவிடுமோ என்று திரும்ப ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். என் வீட்டுக்காரி மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவைத்தாள். பிறகு, "உங்க பயந்தாங்கொள்ளிப் புத்தியை நான் இவ்வளவு காலமும் வைதிருக்கேன். இன்னைக்கு மட்டும் வையல" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

அதற்கப்புறம் ஒத்தடம்தான். வெந்நீர் காய்ச்சுவது, துணியை முக்கிப் பிழிவது, தாடைக்கு அடியில் வைப்பது. தவிட்டைக் கஞ்சி மாதிரி கரைத்து வைப்பது. எலுமிச்சங்காய் மாங்காயானது. அவள் தலையைக் கீழே போட்டுக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தை நீட்டி நீட்டி முழுங்குவாள். பார்க்கிற நானும் கூடவே கழுத்தை நீட்டுவேன்.

வீரகேரளம்புதூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடரும் பூசிக்கொண்டு, கிளம்புமுன் ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று குனிந்து தாடையைத் தொட்டேன். தொட்டதுதான் தாமதம். கட்டி உடைந்தது. எங்கே உடைந்தது என்கிறீர்கள், என் நெஞ்சில் உடைந்தது. கழுத்திலிருந்து வேட்டி மடிப்பு வரைக்கும். அந்த நாற்றத்தை எழுதினால் தாள் நாறும். நான் மட்டும், "உடைஞ்சிட்டு! உடைஞ்சிட்டு!" என்று அந்தக் கோலத்திலேயே குதித்தேன்.

"நான் மட்டும் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் என் வீட்டுக்காரி. "கேட்டா உங்களுக்கு மேலுக்குச் சரியில்லைன்னு சொல்லிக்கிடுதேன்."

மத்தியானம் கல்யாண மண்டபத்திலிருந்து மாமா போன் போட்டார். "என்ன மாப்ளே, மேலுக்கு முடியலையாமே? ஊசி போட்டாச்சா?"

சாயங்காலம் டாக்டரம்மா வந்து புண்ணைக் கழுவினார். சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுச் சின்னக் குழாயில் போட்டு மூடி, எந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும் என்று பார்ப்பதற்குத் திருநெல்வேலிக்கு அனுப்பிவைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கட்டி உடைந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மறுபக்கம், காதுக்குக் கீழே உள்ளுக்குள்ளேயே ஒரு வீக்கம் வந்தது. ஒருநாள் காலையில் கொல்லைக்குப் போனால் கரகரவென்று சத்தம். தென்னை மட்டையைப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து வீட்டில் கரண்ட் இல்லை. சத்தம் அவளிடமிருந்துதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டாக்டரம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கேட்டார், பார்த்தார். இந்தத் தடவை பையைத் திறந்தார்.

"இப்ப ஊசி போடணும், அண்ணாச்சி."

இத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவன் நான். கேட்டதும் குதிரைக்கும் அவருக்கும் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"வேண்டாம்னு சொன்னியளே? கிருமி பழகிக்கிடும்லா? வயித்துக்குள்ள நல்ல கிருமி இருக்குல்லா?"

"எல்லாத்தையும் நல்லாக் கேட்டு வச்சிருக்கிய" என்றார், மருந்தை உறிஞ்சிக்கொண்டே. "அன்னைக்குத் தேவையில்ல. இன்னைக்கு மூச்சுக்குழாயை அமுக்குது, அதனால தேவை. திருநெல்வேலியில இருந்து பதில் வந்துட்டு. பழைய பென்சிலினுக்கே கேக்குமாம். வயித்துக்குள்ள போடலை, சதையில போடுதோம்."

பழைய பென்சிலினா என்று எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபடுத்திய சீக்குக்கு ஏதாவது புதுசா, பேர் வாயில் நுழையாத மருந்தாக இருந்திருக்கலாம். அதற்குள் அவர் இன்னொரு சிரிஞ்சையும் நிரப்பிப் பையின்மேல் வைத்தார்.

"அது எதுக்கும்மா?"

"முதல் ஊசி ஒத்துக்காம போச்சுன்னா உடனே போட."

"அதுவும் ஒத்துக்கலைன்னா?"

"ஏங்க, நீங்க அங்கிட்டுப் போங்க" என்று என் வீட்டுக்காரி கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

நான் போகவில்லை. ஊசி கழுத்துச் சதையில் இறங்கியது. ரத்தக்குழாயில் படவில்லையே என்று டாக்டரம்மா லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பார்த்து, அப்புறம் மருந்தைச் செலுத்தினார். அது ரத்தத்தில் நேரே போனால் குதிரைக்கு வெறிபிடித்த மாதிரி ஆகிவிடுமாம். இதையும் என்னிடம் சொன்னார். அவள் கண்ணைச் சிமிட்டினாள், அவ்வளவுதான். நான்தான் தென்னையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலிக்கு வெளியே போன பால்காரர் வழக்கம்போலக் கேட்டார். "போட்டாச்சு" என்றேன். முதல் தடவையாக அது உண்மையாக இருந்ததால் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்று, சாயங்காலம் திரும்பும்போது ஒன்று. கழுத்தில் ஒருபக்கம் வீங்கினால் மறுபக்கம். கரகர சத்தம் குறைந்தது. காய்ச்சல் இறங்கியது. உடனே எனக்கு, இனி எதற்கு ஊசி, பாவம், கழுத்தெல்லாம் புண்ணாய் இருக்கிறதே என்று தோன்றியது. சொல்லிப் பார்த்தேன்.

"பாதியில நிறுத்தினா பாதிக் கிருமி உயிரோட இருக்கும். அதுக்கு நம்ம மருந்தும் தெரிஞ்சிருக்கும், நம்ம வீடும் தெரிஞ்சிருக்கும். சொன்ன அளவு முழுசாப் போட்டுத்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சாகக் கிடக்கிற குதிரைக்கு ஊசி போடுவது சுலபம், மரம் மாதிரி நிற்கும். தேறிய குதிரைக்குப் போடுவதுதான் பாடு. டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் முக்கில் திரும்புகிற சத்தம் கேட்டாலே அவள் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். வாளியை உதைத்தாள். ஒருநாள் ஹெல்மெட்டைக் கடித்தாள். "நல்ல முன்னேற்றம்" என்று பல் பதிந்த ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டு சொன்னார் டாக்டரம்மா.

கடைசி ஊசி அன்றைக்கு நல்ல சாரல். என் வீட்டுக்காரி முன்னால் நின்று பேச்சுக் கொடுத்தாள். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். டாக்டரம்மா சிரிஞ்சை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, வேறு சோலியாக வந்தவர் மாதிரி மெல்ல வந்தார். அவளா ஏமாறுவாள்? ஒரு துள்ளல். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். நான் கயிற்றை விடவில்லை. விட்டால் ரோட்டில் பஸ் வருமே என்று பயம். தென்னந்தோப்பு வழியாக என்னைச் சகதியில் இழுத்துக்கொண்டு ஓடி, பக்கத்து வயலில் இறங்கிய பிறகுதான் நின்றாள்.

வயல்காரர் வரப்பில் குடையோடு நின்று கத்தினார். "ஏலே, பயிருல விட்டுருக்கியேலே குதிரையை! உனக்குக் கண்ணு தெரியலையா?"

"இந்தா பிடிச்சிட்டேன் அண்ணாச்சி, இந்தா போயிட்டோம்!"

பின்னால் படல் பக்கமிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். "அண்ணாச்சி, மெதுவாக் கூட்டிட்டு வாங்க! ஊசி இன்னும் என் கையிலதான் இருக்கு!"

முழங்காலில் ரத்தம். வாயெல்லாம் சேறு. எழுந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. குனிந்து, நாற்றின் நுனியைக் கொத்தாகக் கடித்து மென்றாள். தலையை நீட்டாமல், கழுத்தை இழுக்காமல், ஒரு மடக்கில் முழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. மறுபடி குனிந்தாள். மறுபடி முழுங்கினாள்.

வயல்காரரும் கத்திக்கொண்டிருந்தார், டாக்டரம்மாவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்று ரெண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு, இன்னும் ஒரு வாய் தின்னட்டும் என்று நான் கயிற்றைத் தளரவிட்டேன்.